பாதி வெட்டிய தலையோடு ஓடிய நாள்

முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். முடி திருத்துபவர் என் கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். வலது பக்கம் முடித்து இடது பக்கத்துக்கு அவர் நகர்ந்த நேரத்தில், நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது. இருட்டில் படியிறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அது இல்லாமல் போனால் உடம்பைத் தூக்கிவாரிப் போடுமே, அதே மாதிரி. அடுத்த நொடி இதயம் தறிகெட்டு ஓட ஆரம்பித்தது. உள்ளங்கை வியர்த்தது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதியிலேயே நின்றது. எதிரே கண்ணாடியில் தெரிந்த முகம் யாரோ ஒருவருடையது போலிருந்தது.

"தம்பி, தலையைக் கொஞ்சம் குனிங்க" என்றார்.

குனிந்தால் செத்துவிடுவேன் என்று தோன்றியது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வெளியே வெயிலடிக்கிறது என்பது எப்படித் தெரியுமோ, அவ்வளவு உறுதியாக அது எனக்குத் தெரிந்தது. கழுத்துத் துணியோடு எழுந்து வெளியே ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்கு போன் செய்து, "எனக்கு ஹார்ட் அட்டாக்" என்றேன். அப்போது எனக்கு வயது 34.

அவசர சிகிச்சைப் பிரிவில் இசிஜி எடுத்தார்கள். இதயத் தசையில் சேதம் உண்டா என்று பார்க்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. உண்மையில் நான் மருத்துவமனை வாசலில் இறங்கும்போதே பாதி அடங்கிவிட்டது. கடைசியில் பணியிலிருந்த இளம் மருத்துவர் வந்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லை. டென்ஷனைக் குறைச்சுக்கங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

அந்த "ஒண்ணும் இல்லை"தான் என்னை அடுத்த ஏழு மாதம் படுத்தி எடுத்தது. ஒன்றுமில்லை என்றால் எனக்கு வந்தது என்ன? அவர்கள் எதையோ தவறவிட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அவர் மட்டும், "இதயம் நன்றாக இருக்கிறது. உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று கிளம்பும் பீதி. அதற்கென்று சிகிச்சை இருக்கிறது, இன்னாரைப் போய்ப் பாருங்கள்" என்று மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். இன்றும் அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இரண்டாவது தடவை தூக்கத்தில் வந்தது. கெட்ட கனவு எதுவும் இல்லை. நல்ல தூக்கத்திலிருந்து நேராகத் திகிலுக்குள் விழித்தேன். இப்படி வருவதும் உண்டு, அது பெரும்பாலும் கனவு காணும் கட்டத்தில் வருவதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று அது தெரியாது. விழித்திருக்கும்போது வந்தால் மனசு என்று சொல்லலாம், தூங்கும்போது வருகிறதே, அப்படியானால் உடம்பில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதற்கப்புறம் தூங்கவே பயம்.

மூன்றாவது, நான்காவது எல்லாம் எண்ணிக்கையில் இல்லை. சொல்லப்போனால் அட்டாக் வந்த நேரம் மொத்தமாகச் சேர்த்தால்கூடச் சில மணி நேரம்தான் இருக்கும். மீதி நாளெல்லாம் எங்கே வந்துவிடுமோ என்று காவல் காத்ததுதான் வியாதி. விரலில் மாட்டினால் நாடியையும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் காட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கினேன். காலையில் எழுந்ததும் விரலை அதில் நுழைப்பேன். பல் தேய்த்ததும் ஒரு முறை. வேலைக்கு நடுவில் மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு ஒரு முறை. ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். மதியத்துக்குள் 23 தடவை. நாடி 88 என்று காட்டினால் ஏன் 88 என்று பயப்படுவேன், பயத்தில் அது 104 ஆகும், பார்த்தாயா ஏறுகிறது என்று இன்னும் பயப்படுவேன். நானே அடுப்பை ஏற்றிவிட்டு ஏன் கொதிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த கதை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூச்சே வரவில்லை என்று நான் துடித்த நேரங்களில் எல்லாம் அந்தக் கருவி ஆக்சிஜன் அளவு 98, 99 என்றே காட்டியது. நான் நம்பவில்லை. புதிதாக இன்னொன்று வாங்கினேன்.

மெல்ல மெல்ல வாழ்க்கை சுருங்கியது. முடி திருத்தகம் முதலில் போனது. ஒரு வருடத்துக்கு மேல் அக்காதான் வீட்டில் உட்காரவைத்து வெட்டிவிட்டாள், எலி கடித்த மாதிரி. அப்புறம் லிஃப்ட். அப்புறம் நீண்ட வரிசைகள். கூட்டங்களில் கதவுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தால்தான் உட்காருவேன். மாடிப்படி ஏறுவதை நிறுத்தினேன். ஏறினால் இதயம் வேகமாக அடிக்குமே! தண்ணீர் பாட்டில், ஆக்சிமீட்டர், மாத்திரை அட்டை, சார்ஜ் குறையாத போன் இவை இல்லாமல் தெருமுனை வரைக்கும்கூடப் போகமாட்டேன். ஒவ்வொன்றையும் விடும்போது, இது தற்காலிகம்தான் என்று சொல்லிக்கொண்டேன். விட்ட இடம் எதுவும் தானாகத் திரும்பக் கிடைக்கவில்லை.

இரண்டு இதய மருத்துவர்கள், எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று, ஒரு டிரெட்மில் சோதனை. எல்லாம் சரி. கடைசியில் ஒரு பொது மருத்துவர், வயதானவர், நான் கொண்டுபோன கோப்பை மூடி வைத்துவிட்டு நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொன்னார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், சர்க்கரை இறங்கினாலும் இதே படபடப்பு வரும். சில வகை இதயத்துடிப்புக் கோளாறுகளும் இப்படியே தொடங்கி இப்படியே நிற்கும். அவற்றை ஒரு முறை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும், ஒரே ஒரு முறை என்பதை அழுத்திச் சொன்னார். முடிவுகள் வந்தபிறகு, "இனிமே இசிஜி எடுக்கணும்னு தோணினா எனக்கு போன் பண்ணுங்க, எடுக்கப் போகாதீங்க" என்று சொல்லி ஒரு மனநல மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைப் பத்து நாள் பர்ஸில் வைத்திருந்தேன். பைத்தியம் என்று முத்திரை விழுந்துவிடும் என்ற பயம். கோழைத்தனம் என்றும் ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தது.

கோழைத்தனம் பற்றி ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூளையில் பயத்தை இயக்கும் பகுதி என்று சொல்லப்படும் அமிக்டலா இரண்டு பக்கமும் சேதமடைந்த மூன்று பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது, 2013-ல் வெளியானது. அந்த மூவரில் ஒரு பெண், பாம்பையும் சிலந்தியையும் கண்டால்கூட அஞ்சாதவர். 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். மூன்று பேருக்குமே பேனிக் அட்டாக் வந்தது. பயம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கே வந்த ஒன்றை எனக்கு வந்ததற்காக நான் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

மனநல மருத்துவர் என்னைவிடச் சில வயது மூத்த பெண்மணி. முதல் நாள் என் கோப்பைப் புரட்டிப் பார்த்தார், பாதி வெட்டிய தலையோடு ஓடிய கதையைக் கேட்டார், சிரிக்கவில்லை. இதயம் சரி, ஆஸ்துமா இல்லை, வலிப்பு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, "வாயால வேகமா, ஆழமா மூச்சு விடுங்க. ஒரு நிமிஷம். நான் மணி பார்க்கிறேன்" என்றார்.

விட்டேன். இருபதாவது விநாடியில் உதட்டைச் சுற்றி மரத்தது. முப்பதில் விரல்களில் எறும்பு. நாற்பதில் அறை லேசாகத் தள்ளிப்போனது. சுவரில் இருந்த கடிகாரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத் தெரிந்தது. நெஞ்சு இறுகியது. அதே நாற்காலி, அதே துணி, அதே நாள். நிறுத்திவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்போ சொல்லுங்க. இந்த ஒரு நிமிஷத்துல உங்க இதயத்துக்கு என்ன ஆச்சு?"

பதில் சொல்ல வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. மூச்சை வேகப்படுத்தினேன், அவ்வளவுதான். ஏழு மாதமாக நான் மரணம் என்று நினைத்துக்கொண்டிருந்ததை அவர் ஒரே நிமிடத்தில், ஒரு கைக்கடிகாரத்தை வைத்துச் செய்து காட்டிவிட்டார். (இதை நீங்களே வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயிற்சிகளை மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.)

அப்புறம் விளக்கினார். பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது ஆக்சிஜன் குறைவதில்லை; அதனால்தான் என் கருவி 99 காட்டியது. கார்பன் டை ஆக்சைடுதான் தேவைக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ரத்தம் காரத்தன்மைக்கு நகர்கிறது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது, உலகம் தள்ளிப்போனதாகத் தோன்றுகிறது. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் உலவும் கால்சியமும் தற்காலிகமாகக் குறைகிறது. நரம்புகள் துடுக்காகிவிடுகின்றன, உதடும் விரலும் மரக்கின்றன. மூச்சு போதவில்லை என்று தோன்றும்போது நாம் இன்னும் பலமாக இழுக்கிறோம். அதாவது, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறோம்.

மயங்கி விழுந்துவிடுவேனோ என்பதுதான் என் பெரிய பயம். அதையும் கேட்டேன். சாதாரணமாக மயக்கம் வருவது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால். பேனிக் வரும்போது அட்ரினலின் சுரந்து அழுத்தம் ஏறத்தான் செய்கிறது. ஆகவே தலை சுற்றுவது போலிருக்கும், விழுவது அபூர்வம். ரத்தத்தைப் பார்த்தால் மயங்குபவர்கள் கதை வேறு. நான் இத்தனை தடவையில் ஒரு முறைகூட விழுந்ததில்லை என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஆபத்து என்றால் சண்டை போடவோ ஓடவோ உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்று வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-லேயே எழுதிவிட்டார். அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குவதும் அதனால்தான். பிறகு ஏன் சிலருக்கு அரை மணி, ஒரு மணி நீள்கிறது? அதற்கு டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-ல் ஒரு வட்டம் வரைந்தார். மருத்துவர் அதை என் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து கொடுத்தார்: உடம்பில் ஏதோ ஒரு சின்ன உணர்வு, அதை மாரடைப்பு என்று மனம் படிக்கிறது, அதனால் பயம், பயத்தால் அட்ரினலின், அட்ரினலினால் அந்த உணர்வு இன்னும் பெரிதாகிறது. சுற்றிச் சுற்றி ஓடுகிறது. முதல் உணர்வு எதனால் வேண்டுமானாலும் வரலாம்: பசி, தூக்கக்குறைவு, வெக்கை, ஒரு எகிறிய துடிப்பு. வட்டத்தை அறுக்க வேண்டிய இடம், நாம் அதைப் படிக்கும் இடம்.

சரி, அட்டாக் வரும்போது என்னதான் செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன்.

மூச்சை இழுப்பதை மறந்துவிட்டு விடுவதைக் கவனிப்பேன். முதலில் உள்ளே இருப்பதை முழுக்க வெளியே விட வேண்டும். பிறகு மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும் வரை. வாயைக் குவித்து ஆறு எண்ணும் வரை வெளியே. "ஆழமா மூச்சு இழு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஏற்கனவே அளவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பவனிடம் அது எடுபடாது. காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியத்தையும் இப்போது பரிந்துரைப்பதில்லை. வந்திருப்பது உண்மையிலேயே இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ என்றால் அது உயிருக்கே ஆபத்து.

கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வேன். "6:42, ஆரம்பித்திருக்கிறது" என்று மனதுக்குள் சொல்வேன். அது முடியும் நேரத்தையும் குறித்துக்கொள்வேன். முடிவே இல்லாதது போலத் தோன்றியது ஒவ்வொரு முறையும் ஒன்பது நிமிடம், பதினொன்று, ஏழு என்று எழுத்தில் வந்தபோது அதன் பலம் குறைந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அங்கேயே நிற்பது. இதுதான் கஷ்டமும். ஓடினால் உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் கண்ணி. ஓடியதால்தான் பிழைத்தேன் என்று மூளை பாடம் படித்துவிடும், அடுத்த தடவை அந்த இடத்துக்குள் நுழையும் முன்பே மணி அடிக்கும். நின்றால், நின்றும் சாகவில்லை என்ற பாடம் பதிகிறது. முடியவே முடியாவிட்டால் வெளியே வந்து, அடங்கியதும் திரும்ப உள்ளே போவேன். அதுவும் கணக்கில் சேரும்.

கண்ணில் படும் ஐந்து பொருள்களைச் சொல், காதில் விழும் நான்கு ஒலிகளைச் சொல் என்று ஒரு உத்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆரம்பத்தில் எனக்கு உதவியது. ஆனால் கொஞ்ச நாளில் அதையே மந்திரம் மாதிரி ஓட்டிக்கொண்டு, "போச்சா? இன்னும் போகலையா?" என்று சோதித்துக்கொண்டிருந்தேன். விரட்டுவதற்காகச் செய்யும் எதுவும் எனக்கு வேலை செய்யவில்லை. வந்தாயா, சரி, உட்கார், நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்ற பாவனையில் செய்தவைதான் வேலை செய்தன.

இந்தப் பாவனை ஒரே நாளில் வரவில்லை. அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். ஆலோசகரிடம் வாரம் ஒரு அமர்வு, மொத்தம் பதினான்கு. பேசித் தீர்க்கும் விஷயம் என்று நினைத்துப் போனவனுக்கு ஆச்சரியம். சுழல் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடச் சொன்னார்கள். நின்ற இடத்திலேயே ஓடவைத்தார்கள். எந்த உணர்வுகளுக்குப் பயந்து வாழ்க்கையைச் சுருக்கினேனோ அவற்றையே நானாக வரவழைப்பது. ஒவ்வொன்றுக்கும் பயம் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். சுழல் நாற்காலி முதல் நாள் 8. நான்காம் நாள் 3. ஆறாம் நாள் அலுத்துப்போனது. பயத்துக்கு எதிர்ப்பதம் தைரியம் என்று நினைத்திருந்தேன். என் அனுபவத்தில் அது அலுப்பு.

வீட்டுப்பாடமாக ஒரு நோட்டு. இடது பக்கம், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன். வலது பக்கம், என்ன நடந்தது. "மூன்று மாடி ஏறினால் இதயம் நின்றுவிடும்" என்று இடது பக்கம். "மூச்சு வாங்கியது. நாலு நிமிடத்தில் சரியானது. பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னார்" என்று வலது பக்கம். படிப்படியாக லிஃப்டில் ஒரு மாடி, அப்புறம் ஐந்து மாடி, வரிசையில் பத்து நிமிடம், கூட்டத்தில் நடு நாற்காலி. பையில் இருந்தவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தோம். ஆக்சிமீட்டர்கள் இரண்டும் அக்காவிடம் போயின. தண்ணீர் பாட்டிலை விடுவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

மருந்தும் எடுத்தேன். அதைச் சொல்லத் தயங்குபவர்கள் நிறையப் பேர், அதனாலேயே சொல்கிறேன். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை, குறைந்த அளவில் தொடங்கினார்கள். முதல் பத்து நாள் படபடப்பு கூடத்தான் செய்தது. அப்படி ஆகும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் நிறுத்தாமல் தாக்குப்பிடித்தேன். ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் மாலை, இன்று முழுக்க நாடி பிடித்துப் பார்க்கவில்லையே என்று நினைவு வந்தது. ஒரு வருடம் தொடர்ந்தேன். பிறகு அவர் மேற்பார்வையில் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். நன்றாகிவிட்டது என்று நடுவில் நாமாகச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். அதை வியாதி திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி பயப்படுவோம்.

உடனே அடக்கும் பென்சோடயசிபைன் வகை மாத்திரை ஒரு அட்டையும் தொடக்கத்தில் கொடுத்திருந்தார்கள். பழக்கமாகிவிடும் தன்மை உண்டு என்பதால் எண்ணித்தான் கொடுத்தார்கள். நான் அதில் இரண்டுதான் விழுங்கினேன். மீதி சட்டைப்பையிலேயே கிடந்து, துவைக்கும்போது ஒரு நாள் கரைந்தும் போனது. விழுங்காவிட்டாலும் பையில் இருந்தால்தான் தைரியம் என்பதும் ஒரு ஊன்றுகோல்தான் என்று ஆலோசகர் சொன்னபோது கோபம் வந்தது. கரைந்துபோன அன்று வெறும் பையோடு வெளியே போய்வந்த பிறகு கோபம் போய்விட்டது.

அட்டாக் குறைந்த பிறகும் தினசரி அறிகுறிகள் உடனே போகவில்லை. தொண்டையில் உருண்டை அடைத்தது போல ஒரு உணர்வு, சாப்பிடும்போது மட்டும் இருக்காது. அடிக்கடி பெருமூச்சு. மாலையில் நெஞ்சில் ஒரு துடிப்பு எகிறும். இதயம் சரியாக இருப்பவர்களுக்கும் சாதாரணமாக வருவதுதான் என்று பரிசோதித்துச் சொல்லியிருந்தார்கள். வயிறு பிசையும். காபியைக் குறைத்தது இவற்றில் கண்கூடாக வித்தியாசம் காட்டியது. காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது; நான் மாலையில் இரண்டு கப் குடித்துவிட்டு இரவில் படபடக்கிறதே என்று கூகுளில் தேடிக்கொண்டிருந்தவன். அந்தத் தேடலையும் விட்டேன். இரவு பதினொரு மணிக்கு அறிகுறியைத் தேடி நிம்மதியானவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் படித்துவிட்டு நெஞ்சுவலியை எல்லாம் பேனிக் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதல் தடவை என்றால் கட்டாயம் மருத்துவமனைக்குப் போங்கள். நான் போனது சரிதான். பேனிக் வழக்கமாக வருபவர்களும், வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், உழைக்கும்போது வந்து ஓய்வில் அடங்கினால், உண்மையிலேயே நினைவு தப்பினால், வழக்கமான அட்டாக் மாதிரி இல்லை என்று தோன்றினால், யோசிக்காமல் போக வேண்டும். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு கட்டத்தில் வந்தது. அக்காவிடம் சொன்னேன்.

அக்காவைப் பற்றி ஒன்று. ஆரம்பத்தில் அவளும் "மனசைத் திடமா வெச்சுக்கோடா" என்றுதான் சொன்னாள். திடமாக வைக்க முடிந்தால் நான் ஏன் நடுராத்திரி அவளை எழுப்பப் போகிறேன்? ஒரு முறை என்னுடன் ஆலோசகரிடம் வந்தாள். அதன் பிறகு போன் செய்தால், "சரி, வந்திருக்கா? எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? இரு, நானும் இருக்கேன்" என்பாள். பிறகு அன்றைக்கு நடந்த ஏதாவது சின்ன விஷயத்தைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே போவாள். உடனே ஓடி வருவதை நிறுத்திவிட்டாள். அதுவும் ஆலோசகர் சொல்லிக் கொடுத்ததுதான். அவள் வராமலேயே நான் சரியாவதை நான் பார்க்க வேண்டுமாம்.

நடுவில் ஒரு சறுக்கல் வந்தது. மூன்று மாதம் நிம்மதியாக இருந்தபிறகு, காய்ச்சலில் படுத்து எழுந்த வாரத்தில், பெரிதாக ஒன்று. எல்லாம் வீண் என்று நோட்டைத் தூக்கி எறிந்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், நானே அதில் எழுதியிருந்தேன்: எட்டு நிமிடம். வீட்டிலேயே இருந்தேன், மருத்துவமனைக்குப் போகவில்லை.

முடி திருத்தகம்தான் பட்டியலில் கடைசி. பதினான்கு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனேன். பாதி வெட்டு வெட்டிக்கொண்டு துணியோடு ஓடியவனை அவர் எப்படி மறந்திருப்பார், பார்த்ததும் சிரிப்பாரோ, பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வாரோ என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மன்னிப்புக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அதே நாற்காலி. துணியைக் கட்டினார். வலது பக்கம் முடித்து இடது பக்கம் நகர்ந்தபோது இதயம் ஒரு தடவை எகிறி ஓட ஆரம்பித்தது. கண்ணாடியில் மணி பார்த்தேன். எண்கள் இடம் வலமாக மாறித் தெரிந்ததில் மணி என்னவென்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

அவர் கத்தரியை நிறுத்தி என் பின்தலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி இந்தப் பக்கம் புதுசா? இதுக்கு முன்னாடி உங்களுக்கு யாரு வெட்டினது, இப்படிக் கொதறி வெச்சிருக்காங்க?"